அப்பாவின் மேசையா, அடுத்தவர் மேசையா?

யார்க்‌ஷையரில் நான் ஐந்து வருடம் வேலை பார்த்த கட்டடக்கலை அலுவலகம் ஒரு பழைய கம்பளிக் கிடங்கின் முதல் மாடியில் இருந்தது. மொத்தம் எட்டுப் பேர். ஜன்னலை ஒட்டி இடுப்பளவு உயரத்தில் ஒரு மரப்பெட்டி. அகலமான, ஆழமில்லாத இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் வரைபடங்கள் மடிக்காமல் படுத்திருக்கும். அடி அறையில் இருப்பவை துணியில் மையால் போட்டவை. அதற்கு மேலே டிரேசிங் பேப்பர். இன்னும் மேலே கணினியிலிருந்து அச்சானவை. வலது கீழ் மூலையில் வரைந்தவரின் முதலெழுத்துகள் இருக்கும். மூன்று தலைமுறையாக அந்த எழுத்துகளில் கடைசி எழுத்து மட்டும் மாறவே இல்லை.

முதலாளியின் மகள் கட்டடக்கலைப் படிப்பின் இரண்டாம் படியான பார்ட் 2 முடித்த கோடை. அந்தப் பெட்டிமேல் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, "நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டாள். கோப்பையை அவள் அப்பா பார்த்திருந்தால் கத்தியிருப்பார். அவளுக்கு மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, அப்பாவின் இதே அலுவலகம். இரண்டு, லண்டனில் இருநூறு பேர் வேலை பார்க்கும் ஒரு நிறுவனம். மூன்று, லீட்ஸில் ஒரு சின்ன அலுவலகம். அதை நடத்துகிறவர் இவள் அப்பாவிடம் பத்து வருடம் இருந்துவிட்டு வெளியே போனவர்.

அன்றைக்கு ஏதோ மழுப்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து உட்கார்ந்து யோசித்துச் சொன்னது கீழே உள்ளது. இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிற, வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள் பலர் இப்படிப்பட்ட குடும்ப அலுவலகங்களில்தான் முதல் நாற்காலியைப் பிடிக்கிறார்கள் என்பதால், அவர்களுக்கும் இதில் ஏதாவது உதவும்.

முதலில் சட்டம். அங்கே 'ஆர்க்கிடெக்ட்' என்ற சொல்லையே சட்டம் காவல் காக்கிறது. 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆர்க்கிடெக்டுகளைப் பதிவு செய்யும் ஏ.ஆர்.பி. வாரியத்தின் பதிவேட்டில் பெயர் இல்லாத ஒருவர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொண்டு தொழில் செய்ய முடியாது. இவள் படித்த வழியில் அந்தப் பதிவேட்டுக்கு மூன்று படிகள். மூன்று வருடப் பட்டப்படிப்பு பார்ட் 1, மேற்கொண்டு இரண்டு வருடம் பார்ட் 2, குறைந்தது 24 மாத வேலை அனுபவத்தைக் காட்டி எழுதும் பார்ட் 3. அப்பாவும் தாத்தாவும் ஆர்க்கிடெக்ட் என்பதற்காக அதில் ஒரு வாரம்கூடக் குறையாது. மிச்சமிருக்கும் அந்த மாதங்களை யார் கண்முன்னால் கழிப்பது என்பதை அவள் உடனே முடிவு செய்தாக வேண்டும். அலுவலகத்தை யார் எடுத்து நடத்துவது என்பது பத்து வருடம் கழித்து வரும் பேச்சு. வீட்டில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவின் அலுவலகம் என்றதும் எனக்கு எட்வர்ட் மிடில்டன் பாரியின் ஞாபகம் வரும். அவர் தந்தை சர் சார்லஸ் பாரி, லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்துக்கான போட்டியில் 1836இல் வென்றவர். கால் நூற்றாண்டு இழுத்தும் வேலை முடியாமலே 1860இல் இறந்துபோனார். அப்போது எட்வர்டுக்கு முப்பது நிறையவில்லை. தனக்கென்று பெயர் இல்லாதவரும் இல்லை. 1858இல் திறந்த கோவென்ட் கார்டன் ஆப்பரா அரங்கம் அவர் கட்டியது. ஆனாலும் அப்பா விட்ட இடத்தில் போய் நின்றார். பத்து வருடம் நின்றார். 1870இல் அரசின் கட்டடத் துறை அவரை விலக்கியது. அப்போது கிளம்பிய பெரிய தகராறு வரைபடங்களைப் பற்றியது: அத்தனை வருட வரைபடங்களும் அரசுக்குச் சொந்தமா, வரைந்தவர் வீட்டுக்கா? கடைசியில் கொடுக்க வேண்டியதாயிற்று. இன்று அந்தக் கட்டடத்தை யார் கட்டியது என்று கேட்டால் சார்லஸ் பாரி என்பார்கள். விஷயம் தெரிந்தவர்கள், அதன் அலங்கார வேலைகளை வரைந்த பியூஜின் பெயரையும் சேர்ப்பார்கள். எட்வர்டின் பெயரைச் சொல்ல லண்டனிலேயே ஆளைத் தேட வேண்டும்.

அதே வீட்டில் மூத்தவர், இளைய சார்லஸ் பாரி, அப்பாவிடம் தொழில் கற்றுக்கொண்டு 1847இல் ஒரு கூட்டாளியுடன் தனியே போய்விட்டார். டல்விச் கல்லூரியைக் கட்டினார். 1876இலிருந்து மூன்று வருடம் ஆர்க்கிடெக்டுகளின் சங்கமான ஆர்.ஐ.பி.ஏ. தலைவராகவும் இருந்தார். கடைக்குட்டி ஜான் வுல்ஃப் பாரி இன்னும் சாமர்த்தியசாலி. தொழிலையே மாற்றிக்கொண்டு பொறியாளர் ஜான் ஹாக்‌ஷாவிடம் சேர்ந்தார். டவர் பிரிட்ஜ் என்று நாம் காலண்டரில் பார்க்கிறோமே, 1894இல் திறந்த அந்தப் பாலத்தின் பொறியாளர் அவர்தான். சேரிங் கிராஸ் ரயில் நிலையத்தில் பாலமும் கொட்டகையும் ஹாக்‌ஷா அலுவலகத்தின் வேலை, முகப்பில் நிற்கும் ஓட்டல் அண்ணன் எட்வர்டின் வேலை. ஒரே இடத்தில் இரண்டு சகோதரர்கள், ஆனால் ஒருவர் மேசையில் இன்னொருவர் கை வைக்கத் தேவையில்லை.

எட்வர்ட் பாரிக்குத் தலைவலி அது மட்டும் இல்லை. பியூஜினின் மகன் எட்வர்ட் வெல்பி பியூஜின் 1867இல் ஒரு சிறு நூல் போட்டு, நாடாளுமன்றக் கட்டடத்தின் கலை முழுக்கத் தன் அப்பாவுடையது என்று சண்டைக்கு வந்தார். பாரி வீட்டிலிருந்து பதில் நூல் வந்தது. செத்துப்போன இரண்டு அப்பாக்களுக்காகப் பிள்ளைகள் அச்சில் அடித்துக்கொண்டார்கள். இந்த இளைய பியூஜினின் கதை தனி. 1852இல் அப்பா நாற்பது வயதில் இறந்தபோது பையனுக்குப் பதினெட்டு. அந்த வயதில் அலுவலகம் மொத்தமும் தலையில் இறங்கியது. நூற்றுக்கு மேல் தேவாலயங்கள் கட்டினார்; 1873இல் திவாலானார்; 41 வயதில் போய்ச் சேர்ந்தார். அவரை யாரும் குறை சொல்ல முடியாது. பதினெட்டு வயதில் தப்பு செய்து பார்க்க ஓர் இடம் வேண்டும். அது அவருக்குக் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் சொன்னதும் அந்தப் பெண், "அது விக்டோரியா காலம். இன்றைக்கு எங்கள் அப்பா கட்டிக்கொண்டிருப்பது ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறைப் பிளாக்" என்றாள். நியாயம்தான். இன்றைய சின்ன குடும்ப அலுவலகத்தின் பலம் பெரிய கட்டடங்களில் இல்லை, திரும்பத் திரும்ப வரும் சின்ன வேலைகளில் இருக்கிறது. அதற்கு நல்ல உதாரணம் தேவாலய ஆய்வு.

இங்கிலாந்துத் திருச்சபைக்கு ஏறத்தாழ 16,000 தேவாலயக் கட்டடங்கள். 1955இல் தொடங்கிய ஏற்பாட்டின்படி ஒவ்வொன்றையும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தகுதியுள்ள ஒருவர் ஏறி, இறங்கி, தவழ்ந்து பார்த்து அறிக்கை தர வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அப்படி முப்பதுக்கு மேல் இருந்தன. நான் போன முதல் ஆய்வில் முதலாளி மணிக்கூண்டு ஏணியில் ஏறிக்கொண்டே, "இடதுபக்கம் மூன்றாவது உத்தரம், பார், அதில் ஒரு நாணயம் செருகியிருக்கும்" என்றார். இருந்தது. விரிசல் பெரிதாகிறதா என்று பார்க்க அவர் அப்பா பழைய பென்னி ஒன்றை அதில் செருகிவிட்டுப் போயிருந்தார். நாணயம் இறுக்கமாகவே இருந்தது. அறிக்கையில் 'மாற்றமில்லை' என்று எழுதினோம். அந்த உத்தரத்தைப் பற்றி எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித் தராது. இன்னோர் அலுவலகம் அந்த வேலையை எடுத்தால் சாரம் கட்டி, அளந்து, பொறியாளரைக் கூப்பிட்டு, அதே முடிவுக்கு வர மூன்று மடங்கு செலவாகும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆய்வாளரை நியமிப்பது அந்தந்தத் தேவாலயப் பங்கின், அதாவது ஊர்ச் சபையின், மன்றம், மறைமாவட்ட ஆலோசனைக் குழுவிடம் கேட்டுக்கொண்டு. அப்பாவிடமிருந்து மகளுக்கு அது பத்திரம் எழுதி மாறாது. பங்கு மன்றத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளருக்கும் பூ அலங்காரம் செய்யும் அம்மாவுக்கும் அந்தக் குடும்பத்தை நாற்பது வருடமாகத் தெரியும் என்பதுதான் பிடிமானம். அவர்கள் காலம் முடிந்தால் பிடிமானமும் முடிந்தது. "வேலை தானாக வரும்" என்று நம்பி உட்கார்ந்தவர்கள் ஏமாந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இனி, குடும்பங்களில் யாரும் வாய் திறக்காத விஷயம்: காப்பீடு. தொழில் தவறுக்கு எதிரான காப்பீட்டைப் பி.ஐ. என்பார்கள். அதன் சூட்சுமம், தவறு நடந்த வருடத்தின் பாலிசி பணம் தராது. உரிமை கேட்டுக் கடிதம் வருகிற வருடத்தின் பாலிசிதான் தரும். அப்பா 1998இல் போட்ட ஒரு மாடிக் கூரை இன்றைக்கு ஒழுகி வழக்கு வந்தால், இன்றைய தவணையைக் கட்டுகிறவர் தலையில்தான் அது விழும். 2017இல் லண்டனில் கிரென்ஃபெல் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு எரிந்த பிறகு தவணைகள் ஏறின, தீ தொடர்பான பொறுப்பைப் பல பாலிசிகள் ஒதுக்கிவிட்டன. 2022ஆம் ஆண்டுக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் இன்னொன்றையும் செய்தது. குடியிருப்புகளைப் பொறுத்தவரை, அந்த வருடம் ஜூன் 28க்கு முன் முடிந்தவற்றுக்கு 30 வருடம் பின்னோக்கிப் போய் வழக்குப் போடலாம். அதற்குப் பின் முடிந்தவற்றுக்கு 15 வருடம். அதாவது இவள் பிறப்பதற்கு முன்னால் அப்பா கட்டிய அடுக்ககம்கூட இவள் மேசைக்கு வரலாம்.

அலுவலகம் பழைய மாதிரி கூட்டாண்மையாக இருந்தால் ஓரளவு தப்பிக்கலாம். 1890ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி, புதிதாகச் சேர்கிற கூட்டாளி தான் வருவதற்கு முந்திய கடன்களுக்குத் தானாகப் பொறுப்பாவதில்லை. லிமிடெட் கம்பெனி என்றால் இவள் சொந்த வீட்டுக்கு ஆபத்து குறைவு, ஆனால் கம்பெனி தன் பழைய பாவங்களையெல்லாம் கூடவே சுமந்துகொண்டு வரும். பங்குகளை அப்பா சும்மா கொடுத்தாலும் அது சும்மா இல்லை. பெயர்ப்பலகையைப் பார்ப்பதற்கு முன்னால், கடந்த ஆறு வருடப் பாலிசிகளையும், வந்த கடிதங்களின் கோப்பையும், குடியிருப்பு வேலைகளின் பட்டியலையும் பார்க்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். "அப்பாவிடம் அதை எப்படிக் கேட்பது?" என்றாள். கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றால் அங்கே சேரக் கூடாது என்றேன். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேனோ என்று அப்புறம் தோன்றியது. ஆனால் மாற்றிக்கொள்ளவில்லை.

அலுவலகத்தில் மற்ற ஏழு பேரும் இருந்தோமே, அதையும் சொல்ல வேண்டும். மகள் வருகிறாள் என்ற செய்தி காற்றில் வந்த அன்றே, பன்னிரண்டு வருடமாக இருந்த ஒருவர் மதிய இடைவேளையில் தன் வேலைகளின் படங்களைத் திரட்ட ஆரம்பித்தார். அவருக்கு அவள்மேல் ஒரு கோபமும் இல்லை. அடுத்த நாற்காலி யாருக்கு என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். 2014இலிருந்து இங்கிலாந்தில் அலுவலகத்தைப் பணியாளர் உடைமை அறக்கட்டளைக்கு விற்கச் சட்டமே வரிச்சலுகை தருகிறது. கட்டடக்கலை அலுவலகங்கள் பல அப்படி மாறிவிட்டன. தன்னிடம் வேலை பார்ப்பவர்களுக்கே விற்றுவிட்டு ஓய்வு பெறலாம் என்று அவள் அப்பாவுக்கும் ஒரு வழி இருந்தது. மகள் "சரி" என்று சொன்னால் அந்த வழி அடைபடும். ஆகவே அவள் பதிலில் எங்கள் பிழைப்பும் இருந்தது. இதை எழுதும்போது என் கருத்து முழுக்க நடுநிலையானது என்று நான் சொல்லப்போவதில்லை.

லண்டன் நிறுவனத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. சம்பளம் கூடுதல், வாடகை அதைவிடக் கூடுதல். மருத்துவமனை, விமான நிலையம், நாற்பது மாடி இவற்றில் ஆசை இருந்தால் வேறு எங்கே போவது? ஆனால் அங்கே முதல் இரண்டு வருடம் ஒரே கட்டடத்தின் கதவுப் பட்டியலைத் திருத்திக்கொண்டிருக்க நேரலாம். பார்ட் 3க்கு ஒரு வேலையை முதல் கடிதத்திலிருந்து கடைசிச் சான்றிதழ் வரை தெரிந்திருப்பது பெரிய பலம். பெரிய இடத்தில் அப்படி ஒன்று கைக்கு வருவது அபூர்வம்.

இதுவும் புதிய கதை இல்லை. விக்டோரியா காலத்தின் மிகப் பெரிய அலுவலகங்களில் ஒன்று சர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட்டுடையது. லண்டன் ஸ்பிரிங் கார்டன்ஸில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் வரைந்து தள்ளினார்கள். செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையத்து ஓட்டல், ஆல்பர்ட் நினைவுச் சின்னம், வெளியுறவு அலுவலகம், இன்னும் எத்தனையோ. நம்மில் பலர் நேரில் பார்த்திருக்கக்கூடிய மும்பைப் பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் மணிக்கூண்டும் அவர் வரைந்ததே. அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. வரைபடங்கள் கப்பலில் வந்தன. ஒருமுறை ஏதோ ஓர் ஊரில் ரயிலை விட்டு இறங்கி, "நான் ஏன் இங்கே இருக்கிறேன்?" என்று அலுவலகத்துக்குத் தந்தி அடித்தார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, அப்படி ஒரு கதை ஒட்டிக்கொள்கிற அளவுக்கு வேலை. அவரிடம் பயின்ற தாமஸ் கிரஹாம் ஜாக்சன், குருவைக் கண்ணால் பார்ப்பதே அரிதாக இருந்தது என்று பிற்பாடு நினைவுகூர்ந்தார். ஆனாலும் அந்த அறையிலிருந்துதான் ஜாக்சனும், ஸ்ட்ரீட்டும், பாட்லியும் வந்தார்கள். பக்கத்து மேசைக்காரனைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். பெரிய நிறுவனத்தில் சேருகிறவர் முதலாளி பெயரை மறந்துவிட்டு, பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று விசாரிப்பது நல்லது.

சரி, மூன்றாவது வழி. என் கட்சி இதுதான். இதற்கு ஸ்காட் வீட்டையே இன்னும் கொஞ்சம் துருவ வேண்டும்.

சர் கில்பர்ட்டுக்கு இரண்டு மகன்கள் தொழிலுக்கு வந்தார்கள். மூத்தவருக்கும் அப்பாவின் பெயரே, ஜார்ஜ் கில்பர்ட். தாத்தா, அப்பா, பேரன் மூன்று பேருக்கும் பெயர் குழம்பும் என்பதால் 'நடு ஸ்காட்' என்று சொல்வார்கள். அவர் அப்பாவிடமே பயின்றார். கேம்பிரிட்ஜில் தத்துவம் படித்துக் கல்லூரி உறுப்பினரானார். அப்புறம் அப்பாவின் பாணியை உதறிவிட்டுத் தன் வழியில் போனார். லண்டன் கென்னிங்டனில் அவர் கட்டிய செயின்ட் ஆக்னெஸ் தேவாலயத்தை அந்தக் காலத்து இளைஞர்கள் கொண்டாடினார்கள். 1880இல் கத்தோலிக்கரானார். 1883இல் மனநிலை பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்குப் போனார், மறு வருடம் சட்டப்படி மனநலமற்றவர் என்று அறிவிக்கப்பட்டார். 1897இல் அவர் இறந்த இடம் செயின்ட் பாங்க்ராஸ் ஓட்டல், அதாவது அப்பா கட்டிய ஓட்டலின் ஓர் அறை. நோயைக் குடும்பத் தொழிலின் தலையில் கட்டுவது அபத்தம், நான் கட்டவில்லை. ஆனால் அந்த அறையை நினைத்தால் எனக்கு என்னவோ செய்யும். செயின்ட் ஆக்னெஸ் 1941இல் குண்டுபட்டு, பிறகு இடிக்கப்பட்டது.

தம்பி ஜான் ஓல்ட்ரிட் ஸ்காட் வேறு ரகம். முடித்துவைக்கிற பிள்ளை. அப்பா பாதியில் விட்டவற்றை முடித்தார். அண்ணன் நாரிச்சில் தொடங்கிய பெரிய கத்தோலிக்கத் தேவாலயத்தையும் 1910இல் அவர்தான் முடித்தார். லண்டன் பேஸ்வாட்டரில் கிரேக்கத் திருச்சபைக்குக் கட்டிய செயின்ட் சோஃபியா போன்ற நல்ல வேலைகள் அவருக்கும் உண்டு. இருந்தும் வீட்டில் யாராவது ஒருவர் இந்தப் பாத்திரத்தை ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று விதி போலும். குடும்ப அலுவலகத்தில் நேராகச் சேர்கிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது இதுவே. கேவலமான வேடம் இல்லை. ஆனால் தெரிந்து ஏற்க வேண்டும்.

நடு ஸ்காட்டின் மகன் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட், 1880இல் பிறந்தவர். அப்பாவை மொத்தம் இரண்டு முறை பார்த்ததாகத்தான் அவருக்கு நினைவு. அம்மாதான் இரண்டு பையன்களையும் சைக்கிளில் கூட்டிக்கொண்டு சசெக்ஸ், கென்ட் பக்கத்துப் பழைய தேவாலயங்களைக் காட்டினார். அம்மாதான் இருவரும் ஆர்க்கிடெக்ட் ஆக வேண்டும் என்று முடிவு செய்தார். 1899இல் கைல்ஸை அனுப்பிய இடத்தைக் கவனியுங்கள். சித்தப்பா ஜான் ஓல்ட்ரிட்டின் அலுவலகம் இருக்க, அவனை டெம்பிள் மூரிடம் சேர்த்தார். மூர், நடு ஸ்காட்டின் மாணவர். கைல்ஸ் தன் அப்பாவை அப்பாவிடமிருந்து கற்கவில்லை. அப்பாவிடம் கற்ற இன்னொருவரின் மேசையில் கற்றான். கோடு எப்படி இழுக்க வேண்டும் என்பதில் குடும்ப வாசனை இருக்கும். தப்பாக இழுத்தால் திட்டுகிறவர் ராத்திரி சாப்பாட்டில் எதிரே உட்கார மாட்டார்.

இந்த ஒரு வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது எனக்குச் சொந்த அனுபவம். என் அப்பா புதுக்கோட்டைப் பக்கம் கட்டட மேஸ்திரி. இரண்டு கோடை அவரோடு போனேன். சாரத்தில் ஒரு தப்பு செய்தால் அது அத்தை வீட்டுக் கல்யாணம் வரை பேசப்படும். மூன்றாவது கோடையில் அவர் நண்பர் ஒருவரிடம் போனேன். அவரும் திட்டினார், சாயங்காலம் ஆறு மணிக்கு மறந்துவிட்டார். தூக்குநூல் பிடிக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

கைல்ஸின் கதைக்கு வருகிறேன். மூர் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். பையனைப் பழக்கியது பாதி நேரம் தலைமை உதவியாளர். மாலையில் வீட்டில் உட்கார்ந்து, இங்கிலாந்துத் திருச்சபையின் லிவர்பூல் பேராலயப் போட்டிக்கு வரைந்தான். வந்த 103 பதிவுகளில் 1903இல் வென்றது 22 வயதுப் பையனுடையது, அதுவும் ஒரு கத்தோலிக்கனுடையது. இதற்கு முன் என்ன செய்திருக்கிறாய் என்ற கேள்விக்கு, புகைக்குழாய் வைக்கும் ஒரு தாங்கி என்று பதில் சொன்னதாகச் சொல்வார்கள். குழு பயந்துபோய், மேற்பார்வைக்குப் பாட்லியைக் கூட்டாக நியமித்தது. பாட்லி யார்? தாத்தாவின் மாணவர், அந்தக் குடும்பத்துக்குச் சம்பந்தி முறை, அப்பாவோடு 1874இல் வாட்ஸ் அண்ட் கோ என்ற தேவாலய அலங்காரக் கடையைத் தொடங்கியவர். வெளியே போனாலும் குடும்பம் பின்னாலேயே வந்து தோளில் உட்கார்ந்தது. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கைல்ஸ் ராஜினாமா செய்யும் நிலையில் இருந்தபோது 1907இல் பாட்லி இறந்தார். மூன்று வருடத்தில் கைல்ஸ் தன் வடிவத்தையே தூக்கிப் போட்டுவிட்டு, இரட்டைக் கோபுரத்துக்குப் பதில் நடுவில் ஒற்றைக் கோபுரம் என்று மறுபடி வரைந்தார். அப்பா வரைந்த திட்டமாக இருந்திருந்தால் அந்தத் துணிச்சல் வந்திருக்குமா? எட்வர்ட் பாரிக்கு வரவில்லை.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும், தெரியாதவர்களும் பார்த்திருப்பார்கள். 1924 போட்டியில் வென்ற சிவப்புத் தொலைபேசிக் கூண்டு அவருடையது. அதன் மர மாதிரி இன்னும் லண்டன் பர்லிங்டன் ஹவுஸ் வாசலில் நிற்கிறது. பாட்டர்சீ மின்நிலையத்தின் வெளித்தோற்றம், பாங்க்சைடு மின்நிலையம், வாட்டர்லூ பாலம், குண்டு விழுந்த நாடாளுமன்றக் கீழவையின் மறுகட்டுமானம் எல்லாம் அவர். பாங்க்சைடு இப்போது டேட் மாடர்ன் அருங்காட்சியகம். லிவர்பூல் பேராலயம் அவர் இறந்து 18 வருடம் கழித்து 1978இல்தான் முடிந்தது. இவ்வளவு பெயர் வாங்கியவர், தாத்தாவைவிட அப்பாதான் நல்ல கலைஞர் என்று சொல்லிவந்தார். இரண்டு முறை பார்த்த அப்பாவைப் பற்றி.

இதில் ஒரு வேடிக்கை. வெளியே கற்ற கைல்ஸ், தன் மகன் ரிச்சர்டைத் தன் அலுவலகத்திலேயே வைத்துக்கொண்டார். பெயர்ப்பலகையில் 'மகன்' என்று சேர்த்தார். ரிச்சர்ட் பர்மிங்ஹாமின் டைல் கிராஸில் ஒரு நவீனத் தேவாலயத்தைக் கட்டினார். அதில் அப்பாவின் கை துளியும் தெரியாது. அது முடிந்தது 1967. அப்பா போனது 1960.

பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கதையெல்லாம் பாதிதான் பொருந்தும். எலிசபெத் ஸ்காட்டையும் சொல்லாமல் விட முடியாது. சர் கில்பர்ட்டின் தம்பி வழிப் பேத்தி. பாட்லியும் அவருக்குத் தாத்தா முறைதான். ஆனால் அவர் அப்பா அறுவை மருத்துவர், ஆகவே போய் உட்கார அப்பாவின் வரைபட மேசை என்று ஒன்று இல்லை. லண்டனின் ஏ.ஏ. கட்டடக்கலைப் பள்ளி 1917இல்தான் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது. 1919இல் சேர்ந்து 1924இல் முடித்தார். வேறொருவர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஸ்ட்ராட்ஃபோர்டு ஷேக்ஸ்பியர் நினைவு அரங்கப் போட்டிக்கு வரைந்தார். 1928இல் முடிவு வந்தது, 1932இல் அரங்கம் திறந்தது. அந்த நாட்டில் இந்த அளவு முக்கியமான பொதுக் கட்டடத்தை ஒரு பெண் வடிவமைத்தது அதுவே முதல் முறை. 2015 பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டின் பக்கத்தில் அவர் படம் இருந்தது. குடும்பப் பெயர் இருந்தது, குடும்ப அலுவலகம் இல்லை. எனக்கென்னவோ அது அவருக்கு வசதியாகவே இருந்தது என்று தோன்றுகிறது.

ஆக அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது: லீட்ஸுக்குப் போ. பார்ட் 3 முடியும் வரை, அதற்கு மேல் இரண்டு வருடம். அவள் அப்பாவின் கை அங்கே இருக்கும், குரல் இருக்காது. சின்ன அலுவலகம் என்பதால் ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பார்க்கலாம். தேவாலய ஆய்வுகளுக்கு மட்டும் மாதம் ஒரு சனிக்கிழமை அப்பாவோடு ஏணி ஏறு. அந்த நாணயங்கள் எங்கெங்கே செருகியிருக்கின்றன என்பதை அவர் இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள். திரும்பி வருவதாக இருந்தால் எத்தனை பங்கு, என்ன விலை, பழைய வேலைகளுக்கான காப்பீட்டை யார் எத்தனை வருடம் கட்டுவது என்று ஒரு வழக்கறிஞரை வைத்துத் தாளில் எழுதிக்கொள். அந்தத் தாளில் அம்மா கையெழுத்தும் இருக்கட்டும்.

இரண்டு நிலையில் மட்டும் என் யோசனையை மாற்றிக்கொள்வேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போயிருந்தால் நேராக இங்கேயே வரலாம். ஐந்து வருடம் காத்திருந்தால் வாங்கிக்கொள்ள அலுவலகம் இருக்காது. உயர்ந்த கட்டடங்கள்தான் ஆசை என்றால் லண்டன். தேவாலயக் கூரையில் ஆசையில்லாதவளைத் தேவாலயக் கூரையில் ஏற்றிப் பிரயோசனம் இல்லை.

அவள் பாலிசிக் கோப்பைக் கேட்டாள். அப்பா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாவது நாள் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் எல்லாத் தாள்களையும் வருடவாரியாக அடுக்கி அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். செப்டம்பரில் அவள் லீட்ஸில் சேர்ந்தாள். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை அவர் தன் பழைய உதவியாளருக்குத் தொலைபேசி செய்ததை நான் பிறகு கேள்விப்பட்டேன். "படிக்கட்டு வரையும்போது ஏறும் உயரத்தைக் கூட்டிப் பார்க்க மாட்டாள். நான் சொன்னால் கேட்பதில்லை. நீயே சொல்லிவிடு" என்றாராம்.